சோர்வு வேறு, சோம்பல் வேறு

உழைப்பை முதலாகக் கொண்டு வாழும் மக்களிடையே 'சோம்பேறி' என்பதைவிடக் கொடிய வசைச்சொல் பிறிதொன்று இல்லை. கடன்பட்டவன் என்று கூறினால் பொறுத்துக்கொள்வர். படியாதவன் என்று கூறினாலும் பொறுத்துக்கொள்வர். தறியில் அமர மனமில்லாதவன், வயலில் இறங்கச் சோம்பியவன் என்று ஒருவனைக் கூறிவிட்டாலோ, அச்சொல் அவனை மட்டுமன்றி அவன் மனைவி மக்களையும் தொடர்ந்து செல்லும். கடன் கொடுப்பவர் காதிலும் அது விழும். பெண் கேட்டு வருபவர் காதிலும் விழும். அத்தகைய சொல் ஒன்றை நாம் ஒருமுறை, நன்கு ஆராயாது, ஆய்வுக் குறிப்பில் எழுதிவிட்டோம். அதனைத் திருத்த நமக்கு ஓராண்டு ஆயிற்று. அந்நிகழ்ச்சியையும், அதன் வாயிலாக நாம் அறிந்துகொண்ட ஒரு நோயின் இயல்பையும் அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பாஸ் புத்தகம்

கோவை வட்டாரத்துக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு 2022 மார்ச்சு மாதத்தில் ஆண்டு முடிவு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். நூல் இருப்பு, துணி இருப்பு, கூலிப் பட்டுவாடா ஆகியவற்றைச் சரிபார்த்தபின், உற்பத்தி குறைந்த அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களைத் தனியே எடுத்துப் பார்ப்பது வழக்கம். அவற்றுள் ஒன்று நாற்பது வயதை ஒட்டிய நெசவாளர் ஒருவருடையது. சங்கத்தில் பருத்திச் சேலை நெய்வோருள் கைத்திறன் மிக்கவர் என்று பெயர் எடுத்தவர் அவர். 2019 ஏப்ரல் முதல் 2020 மார்ச்சு முடிய அவர் ஒப்படைத்த சேலைகள் 236. மாதத்துக்கு ஏறத்தாழ 20.

அதே புத்தகத்தில் 2021 ஜூலை முதல் 2022 பிப்ரவரி முடிய இருந்த கணக்கு இது: ஜூலையில் 4, ஆகஸ்டில் 9, செப்டம்பரில் 13, அக்டோபரில் 19, நவம்பரில் 3, டிசம்பரில் 8, ஜனவரியில் 12, பிப்ரவரியில் 2. எட்டு மாதங்களில் 70 சேலைகள்.

இக்கணக்கைக் கண்டதும் நமக்கு ஐயமே எழவில்லை. அவ்வாண்டு தீபாவளி நவம்பர் 4-ஆம் நாள். தீபாவளிக்கு முந்திய மாதத்தில் 19 சேலை நெய்தவர், தீபாவளி கழிந்ததும் 3 சேலையோடு நின்றிருக்கிறார். பொங்கல் மாதத்தில் 12. அடுத்த மாதத்தில் 2. பணத்தேவை வரும்போது நெய்கிறார், கைக்குப் பணம் வந்ததும் தறியை விட்டுவிடுகிறார் என்று எண்ணினோம். 'திறமை உள்ளது, ஈடுபாடு இல்லை. பாவைத் திரும்பப் பெற்று வேறு அங்கத்தினருக்கு வழங்கலாம்' என்று குறிப்பு எழுதி ஒப்பமிட்டோம். சங்கமும் அக்குறிப்பின்படி அவருக்கு அறிவிப்பு அனுப்பியது. வீடு இருந்த தெரு சங்க அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான். ஆயினும் நாம் அவரை நேரில் காணவில்லை. ஒரு சொல் கேட்கவும் இல்லை.

மஞ்சள் பையில் வந்த காகிதங்கள்

ஜூன் மாதத்தில் மறுபடியும் அச்சங்கத்துக்குச் செல்ல நேர்ந்தது. அந்நெசவாளரின் மனைவி ஒரு மஞ்சள் பையுடன் வாயிலில் காத்திருந்தார். பையில் இருந்த காகிதங்களை மேசைமீது ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இரத்தச் சோதனை முடிவுகள், மார்பு ஊடுகதிர்ப் படம், இருதயத் துடிப்புப் பதிவு, மருந்துச் சீட்டுகள். பதினான்கு மாதங்களில் ஐந்து மருத்துவர்களைக் கண்டிருந்தனர்.

"ஏனுங்க ஐயா, டாக்டருங்க எல்லாம் நோய் இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்க. நீங்க மனசு இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க. நோயும் இல்லாம மனசும் இல்லாமயா அந்த மனுசன் பாயில கிடக்கறாருங்க?" என்றார் அவ்வம்மையார். குரலை உயர்த்தவில்லை. நமக்கு விடை கூற இயலவில்லை.

அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்றோம். குழித்தறியில் பாவு ஏற்றியபடியே இருந்தது. பாதி நெய்த சேலையின்மீது பழைய துணி போர்த்தப்பட்டிருந்தது. நெசவாளர் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். 2021 மே மாதத்தில் கொரோனாக் காய்ச்சல் வந்ததாகவும், ஐந்து நாளில் காய்ச்சல் விட்டதாகவும், மருத்துவமனையில் படுக்கும் நிலை வரவில்லை என்றும் கூறினார். காய்ச்சல் போயிற்று, பழைய உடல் மட்டும் திரும்பவில்லை.

"இப்போது தறியில் அமர்ந்தால் நெய்ய முடியாதா?" என்று வினவினோம்.

"நெய்யலாமுங்க. இன்னைக்கு நெய்வேன். நாளைக்கும் ஓரளவு நெய்வேன். நாளன்னைக்குத்தானுங்க எழுந்திருக்க முடியாது. அப்படிப் படுத்தா நாலு நாளோ, பத்து நாளோ, சொல்ல முடியாதுங்க" என்றார்.

தூங்கி எழுந்தாலும் தூங்காதவர் போலவே இருக்கிறது. சேலைக் கரையில் இழைக் கணக்கை எண்ணத் தொடங்கினால் பாதியில் மறந்துபோகிறது. நெடுநேரம் நின்றால் கண் இருட்டி நெஞ்சு படபடக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கூறினார். இவற்றை மருத்துவர்களிடம் கூறினீர்களா என்று கேட்டோம். "அசதியா இருக்குதுன்னு சொன்னேனுங்க. அதுக்கு மேல கேக்கலீங்க" என்றார்.

ஐந்து மருத்துவர்கள்

மருத்துவர்களைக் குறை கூறுவது நம் கருத்தன்று. நாளொன்றுக்கு நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர், ஒருவருக்குச் சில நிமிடங்களே கொடுக்க இயலும். முதல் மருத்துவர் இரத்த அணுக்களையும் சர்க்கரையையும் சோதித்தார், அது செய்யத்தக்கதே. இரண்டாமவர் தைராய்டு சுரப்பி, சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் சோதனைகளையும் மார்புப் படத்தையும் எடுக்கச் சொன்னார், அதுவும் செய்யத்தக்கதே. அனைத்தும் சரியாக இருந்தன. மூன்றாமவர் இது மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். உறக்கம் சற்றுக் கூடியது. வேறு மாற்றம் இல்லை. நான்காமவர், படுத்தே இருந்தால் உடல் தளரும், நாள்தோறும் நடையைக் கூட்டிக்கொண்டே போ என்றார். அவ்வாறு நடந்து, மூன்றாம் வாரத்தில் முன்னிலும் மோசமாக விழுந்தார்.

ஐந்தாமவர் 'தெம்புக்கு' என்று குளுகோஸ் பாட்டில் ஏற்றி அனுப்பினார். வாய்வழி உண்ணவும் பருகவும் இயன்ற ஒருவருக்கு அதனால் நிலையான பயன் இல்லை. ஒருநாள் தெம்பாகத் தோன்றும். மறுநாள் பழையபடி ஆகும். ஆயினும் அவ்வாறு ஐந்து முறை ஏற்றிக்கொண்டனர். அதற்கான செலவு கைமாற்றாக வாங்கிய பணம். நம் ஊர்களில் 'பாட்டில் ஏற்றுவதும்' பெயர் தெரியாத 'தெம்பு ஊசி' போடுவதும் பெருவழக்காக இருப்பதால் இதனைத் தனியே குறிப்பிடுகிறோம்.

ஐவருள் எவரும் அவரை ஏமாற்ற எண்ணவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் அவரது வாழ்வின் ஒரு நாளை மட்டுமே கண்டனர். மருத்துவரைக் காண அவர் நடந்து சென்ற நாளெல்லாம் எழுந்து நடக்க முடிந்த நாளே. படுக்கையில் கிடந்த நாளை எந்த மருத்துவரும் கண்டதில்லை.

கணக்கை மறுபடியும் படித்தோம்

நாம் ஒரு குறிப்பில் தவறிழைத்தவர்கள். ஆதலின் அதே புத்தகத்தை மறுபடியும் எடுத்தோம். இம்முறை மாதக் கூட்டுத்தொகையை விடுத்து, சேலை ஒப்படைத்த நாட்களைத் தனித்தனியே ஒரு தாளில் எழுதினோம். அவ்வம்மையாரிடம் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் ஒன்று இருந்தது. கணவர் எழ முடியாத நாட்களில் தாமும் வேலைக்குப் போக இயலாமையால், அந்நாட்களை அதில் வட்டமிட்டு வைத்திருந்தார். அவ்வட்டங்களையும் அதே தாளில் பக்கத்தில் குறித்தோம். எட்டு மாதங்களில் வட்டமிட்ட நாட்கள் 83.

இரண்டு கணக்கையும் அருகருகே வைத்ததும், நாம் முன்பு கண்ட பொருள் தலைகீழாயிற்று. வட்டங்கள் தாறுமாறாக விழவில்லை. மிகுதியாக நெய்த நாட்களுக்குப் பின்னர், பெரும்பாலும் இரண்டாம் நாளில், வட்டங்கள் தொடங்கின. தீபாவளிக்கு முந்திய நெருக்கடியில் மிக நீண்ட உழைப்பு. அதனை அடுத்து மிக நீண்ட படுக்கை. பணம் கிடைத்ததால் தறியை விட்டவர் அல்லர் அவர். தறியில் அளவுக்கு மீறி உழைத்ததால் விழுந்தவர்.

அத்தாளை எடுத்துக்கொண்டு, ஜூலை மாதத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கு அவர்கள் சென்றனர். நாமும் உடன் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் மற்றைக் காகிதங்களைப் புரட்டுமுன் அத்தாளையே சற்று நேரம் படித்தார். பின்னர் நெசவாளரைப் படுக்கச் செய்து நாடித்துடிப்பை எண்ணினார், நிமிடத்துக்கு 74. எழுப்பிச் சுவரில் தோள் சாய நிறுத்தி, பத்து நிமிடம் அசையாது நிற்கச் சொல்லி, இடையிடையே எண்ணினார், இறுதியில் 112. இரத்த அழுத்தம் குறையவில்லை. நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30-க்கு மேல் உயர்ந்து அவ்வாறே நிலைத்திருப்பது, உடல் நிற்கும் நிலைக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தடுமாறுகிறது என்பதைக் காட்டும் என்றார். ஒரு கடிகாரமும் விரலும் கொண்டு செய்யும் இச்சோதனையை அதுவரை எவரும் செய்திருக்கவில்லை. அதுவரை பார்த்திராத பி12 உயிர்ச்சத்தையும் சோதிக்கச் செய்தார். அது குறையின்றி இருந்தது.

"இதற்குப் பெயர் இருக்கிறது. தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் மோசமாகாமல் காக்கும் முறை இருக்கிறது" என்று அவர் கூறியபோது, நெசவாளர் கண்கலங்கினார். மருந்து இல்லை என்ற சொல் அவரை வருத்தவில்லை. பெயர் இருக்கிறது என்ற சொல்லே அவரைத் தொட்டது என்று பின்னர் அவர் மனைவி நம்மிடம் கூறினார்.

நோயின் பெயரும் வரலாறும்

மருத்துவர் கூறிய பெயர் நீளமானது. சுருக்கமாக எம்.இ. என்றும் சி.எப்.எஸ். என்றும் வழங்குவர். தமிழில் நீடித்த சோர்வு நோய் எனலாம். பெரும்பாலும் ஒரு தொற்றுக் காய்ச்சலை அடுத்துத் தொடங்குகிறது. கொரோனாவுக்குப் பின்னர் பல நாடுகளில் இதனை ஒத்த நிலையில் பலர் வாடுகின்றனர். பின்னர் நாம் தேடிப் படித்தபோது, நம் நெசவாளர் பட்ட பாட்டை மற்றவர்களும் நெடுங்காலமாகப் பட்டு வந்துள்ளனர் என்பது தெரிந்தது.

1955-ஆம் ஆண்டு ஜூலையில் இலண்டன் நகரின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில், தசைவலியும் தலைவலியும் பெருஞ்சோர்வும் கொண்ட ஒரு நோய் பரவியது. நோயுற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். அங்கே பணி செய்த செவிலியர், மருத்துவர், ஊழியர். அவர்கள் தொகை 292. மருத்துவமனையை அக்டோபர் வரை மூட வேண்டியதாயிற்று. பலர் தேறினர், சிலர் தேறவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1970-இல், இரண்டு மனநோய் மருத்துவர்கள் அந்நோயாளர்களின் பழைய குறிப்பேடுகளை ஆராய்ந்து, அது கூட்டத்தில் பரவிய மனக்கோளாறு என்று கட்டுரை எழுதினர். குறிப்பேடுகளைப் படித்தனரேயன்றி, நோயுற்றவர்களைக் கண்டு பேசவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1969-இலேயே இதனை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்திருந்தது. எனினும் 1970-இல் எழுதப்பட்ட அக்கருத்து பல ஆண்டுகள் நிலைத்தது. அதனைப் படித்தபோது, இரண்டு தெரு தள்ளியிருந்தவரைக் காணாமல் நாம் எழுதிய குறிப்பே நம் நினைவுக்கு வந்தது.

2015-இல் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று இந்நோய் பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டில் 8 லட்சத்து 36 ஆயிரம் முதல் 25 லட்சம் பேர் வரை இந்நோயால் வாடுவதாகவும், அவர்களுள் 84 முதல் 91 சதவீதத்தினருக்கு நோய் இன்னதென்று கண்டு கூறப்படவில்லை என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. இது உடலின் பல உறுப்புகளைப் பற்றும் உண்மையான நோய் என்றும் உறுதிபடக் கூறியது. உழைத்தபின் வந்து சேரும் தளர்ச்சியே இந்நோயின் தலையாய அடையாளம்.

சிகிச்சையிலும் இத்தகைய மாற்றம் நேர்ந்தது. இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறை நிறுவனம் 2007-இல், உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் முறையைப் பரிந்துரைத்திருந்தது. 2021 அக்டோபரில் அப்பரிந்துரையை அதுவே நீக்கியது. அதற்கு மாறாக, ஒருவர் தம் உடலின் வரவை அறிந்து அதற்குள் செலவு செய்யும் முறையை எடுத்துரைத்தது. நான்காம் மருத்துவர் கூறிய நடை ஏன் தீமையாயிற்று என்பது இதனால் விளங்கியது. 2025 ஆகஸ்டில், எடின்பரோப் பல்கலைக்கழகத்தார் வழிநடத்திய ஆராய்ச்சி ஒன்று, 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர்களின் மரபுக்கூறுகளை மற்றவர்களுடன் ஒப்பிட்டு, எட்டு இடங்களில் வேறுபாடு இருப்பதாக முதற்கட்ட முடிவை வெளியிட்டது. விடை முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆனால் தேடல் உடலுக்குள் நடைபெறுகிறது.

நோயைச் சோம்பல் என்று கருதியது இந்நோய் ஒன்றில் மட்டுமன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழை உழவர்கள் சோம்பேறிகள் என்று நெடுநாள் இகழப்பட்டனர். 1902-இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்னும் விலங்கியல் அறிஞர், அவர்களுடைய சோர்வுக்குக் கொக்கிப்புழுவே காரணம் என்று எடுத்துரைத்தார். வெறுங்காலுடன் மண்ணில் நடப்போரின் தோல் வழியே புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பல் கிருமி' என்று கேலிப்பெயர் இட்டன. 1909-இல் ராக்பெல்லர் 10 லட்சம் டாலர் வழங்க, ஊர் ஊராகச் சோதனை நடந்தது. அங்கே பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கு அப்புழு இருந்தது தெரியவந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்வரை அது சோம்பல். பார்த்தபின் அது நோய்.

முதலில் ஆராய வேண்டியவை

இதனைப் படிக்கும் அங்கத்தினர்கள், அசதி எல்லாம் இந்நோயே என்று முடிவு கட்டிவிடலாகாது. தீர்க்கக்கூடிய காரணங்களே மிகப் பல. அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிய பின்னரே இப்பெயருக்கு வர வேண்டும்.

முதலாவது இரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கும், ஆண்களில் 25 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை உண்டு. தார் சுற்றும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் 'எப்போதும் இருக்கும் அசதிதானே' என்று பொறுத்துக்கொள்வது பெரும்பிழை. சர்க்கரை நோய், தைராய்டு குறை, காசநோய், பி12 குறை, குறட்டையுடன் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவையும் சோர்வைத் தருவன. மனச்சோர்வும் ஒரு நோயே. அதற்கு மருந்து உண்டு. நாணத்தக்கது அதில் ஒன்றும் இல்லை. நம் நெசவாளருக்கு அது காரணமாக இல்லை என்பதனால், பிறருக்கும் இராது என்று கருதலாகாது.

உழவர்கள் மேலும் மூன்றினை எண்ண வேண்டும். வெறுங்காலுடன் உழைப்போர் கொக்கிப்புழுவுக்குச் சோதித்துக்கொள்வது நன்று. பூச்சிமருந்து தெளித்த அன்றும் மறுநாளும் தலைவலி, மிகுந்த வியர்வை, தளர்ச்சி தோன்றினால், எந்த மருந்து தெளித்தோம் என்பதை மருத்துவரிடம் கூற வேண்டும். டப்பாவின் மேலுள்ள சீட்டையே கொண்டுசெல்வது சிறப்பு. மூன்றாவது, சிறுநீரகம். ஆந்திர நாட்டு ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இல்லாத உழவர் பலருக்குச் சிறுநீரகம் பழுதடைந்துள்ளது. முழுக்காரணம் இன்றளவும் உறுதிப்படவில்லை. கடும் வெயிலில் உழைப்போர் போதிய நீர் பருகுதலும், ஆண்டுக்கொருமுறை கிரியேட்டினின் சோதனை செய்துகொள்ளுதலும் அறிவுடைமை.

இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல், மாலைதோறும் காய்ச்சல், உடல் எடை குறைதல், மலத்தில் இரத்தம், கால் வீக்கம், சிறிது நடந்தாலும் மூச்சிரைத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

மருத்துவரிடம் எதனைக் கூறுவது?

'அசதியாக இருக்கிறது' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் நெடுந்தொலைவு செல்ல இயலாது. நாம் கணக்கு எழுதப் பழகியவர்கள். அப்பழக்கத்தை இங்கும் பயன்படுத்தலாம். ஒரே தாளில் கீழ்க்காண்பவற்றை எழுதிக்கொண்டு செல்க. எழுத இயலாதார்க்குச் சங்க எழுத்தர் எழுதித் தரலாம்.

1. சோர்வு எந்த மாதத்தில் தொடங்கியது. அதற்குமுன் என்ன காய்ச்சல் வந்தது.

2. முன்பு ஒரு நாளில் செய்த வேலை எவ்வளவு, இன்று எவ்வளவு. சேலைக் கணக்கிலோ, களையெடுத்த வரிசைக் கணக்கிலோ கூறுக.

3. மிகுதியாக உழைத்தபின் தளர்ச்சி உடனே வருகிறதா, மறுநாளா, அதற்கும் அடுத்த நாளா. எத்தனை நாள் நீடிக்கிறது.

4. உறங்கி எழுந்தால் தெளிவு உண்டா, மறதி உண்டா, நின்றால் தலைசுற்றல் உண்டா.

5. உண்ட மருந்துகள் அனைத்தும். நாட்டு மருந்தும், கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையும் உட்பட.

6. முன்பு செய்த சோதனைகளின் முடிவுகள், தேதி வரிசையில்.

சோதனை அனைத்தும் சரி என்று மருத்துவர் கூறினால், 'எவற்றைச் சோதித்தீர்கள், இன்னும் சோதிக்காதது எது, மறுபடி எப்போது வருவது?' என்று பணிவுடன் கேட்பதில் தவறில்லை. சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு, அச்சோதனைகளில் தெரியவில்லை என்பதே பொருள். நோயே இல்லை என்பது பொருளன்று.

சங்கம் செய்தது

அந்நெசவாளர் இன்று முழுநலம் பெற்றுவிட்டார் என்று எழுத நமக்கு ஆசையே. ஆனால் அது உண்மையன்று. மருத்துவர் கூறியபடி, தளர்ச்சி வந்தபின் நிறுத்துவதை விடுத்து, வருமுன் நிறுத்தப் பழகினார். அரைமணி நெசவு, அதன்பின் படுத்து ஓய்வு. மனைவி கடிகாரம் பார்த்து, 'போதும், எழுந்து வாங்க' என்பார். உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றும் நாளிலும் அளவைக் கூட்டுவதில்லை. அதுவே மிகக் கடினமாக இருந்தது என்றார். 2023 ஜூலை முதல் 2024 பிப்ரவரி வரை, முன்பு நாம் பார்த்த அதே எட்டு மாதங்களில், அவர் ஒப்படைத்தவை 68 சேலைகள். முன்பு 70, இப்போது 68. ஆனால் காலண்டரில் வட்டமிட்ட நாட்கள் 83-இலிருந்து 14-ஆகக் குறைந்தன. சேலைக் கணக்கு கூடவில்லை. மனிதர் படுக்கையிலிருந்து எழுந்தார். அவர் மனைவியும் தடையின்றி வேலைக்குச் செல்கிறார்.

இதற்குச் சங்கமும் துணைநின்றது. பாவைத் திரும்பப் பெறும் அறிவிப்பை நிர்வாகக் குழு விலக்கிக்கொண்டது. அவசர உத்தரவுகளை அவருக்கு வழங்குவதில்லை என்றும், கடன் தவணையை நீட்டுவது என்றும் தீர்மானித்தது. வாரத்தில் இரண்டு காலை, அமர்ந்தபடியே துணியின் தரம் பார்த்து மடிக்கும் பணியைத் தந்தது. இதனால் சங்கத்துக்கு நட்டம் ஏற்பட்டதா எனின், இல்லை. தேர்ந்த கண் ஒன்று தரம் பார்ப்பதால், குறையுள்ள சேலைகள் விற்பனைக்குப் போவது குறைந்துள்ளதாகத் தலைவர் கூறினார்.

நமது கடனையும் நாம் தீர்த்தோம். ஆய்வுக் குறிப்பில் எழுதியதை அடித்தெழுதுதல் முறையன்று. ஆதலின் 2023 மார்ச்சு ஆய்வின்போது, 'சென்ற ஆண்டு இந்த அங்கத்தினர் குறித்து எழுதிய குறிப்பு, அவரை விசாரியாமல் எழுதப்பட்டது, தவறானது, உற்பத்திக் குறைவுக்குக் காரணம் நோய்' என்று தனியே பதிவு செய்து ஒப்பமிட்டோம். அதன் நகலை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். மருத்துவர் சீட்டுகள் இருந்த அதே மஞ்சள் பையில் அதனையும் வைத்திருக்கிறார்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

1995-இல் மான்செஸ்டர் நகரில் கூடிய அனைத்துலகக் கூட்டுறவு அமைப்பு, சமூக அக்கறை என்பதை ஏழாவது கூட்டுறவுக் கொள்கையாகச் சேர்த்தது. அது சுவரில் எழுதி வைப்பதற்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கொருமுறை, உற்பத்தி திடீரெனக் குறைந்த அங்கத்தினரின் பட்டியலை எடுக்கட்டும். அறிவிப்பு அனுப்புமுன், நிர்வாகக் குழுவினர் இருவர் அவர் வீட்டுக்குச் சென்று, 'உடம்பு எப்படி இருக்கிறது?' என்று கேட்கட்டும். கணக்கைக் கொண்டு குற்றம் சாட்டவும் முடியும். அதே கணக்கைக் கொண்டு மருத்துவரிடம் சாட்சி கூறவும் முடியும். எதற்குப் பயன்படுகிறது என்பது, கணக்குக்கு உரியவரை நாம் கேட்டோமா என்பதைப் பொறுத்தது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் என்பது நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என்னும் நான்கினையும் கொண்டது என்கிறார். இந்நோய்க்கு மருந்து இன்னும் வந்து சேரவில்லை. அது வரும்வரை மற்றை மூவரும் தத்தம் கடமையைச் செய்தல் வேண்டும். நான்காவதாக வள்ளுவர் கூறிய இடத்தில் நம் சங்கங்கள் நிற்குமாக.